ஒட்டகத்திடமிருந்து வந்த காய்ச்சல்: கொரோனா கிருமிகளின் வழியைத் தேடிய வரலாறு



நமது மஹல்லாவிலிருந்து ஆண்டுதோறும் பலர் உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் புறப்படுகிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது சவூதியிலோ, கத்தரிலோ, ஓமானிலோ, அமீரகத்திலோ வேலையில் இருக்கிறார். பயணிகளுக்கான வழிகாட்டு வகுப்புகளில் இஹ்ராம் பற்றியும் தவாஃப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். கூடவே தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "ஒட்டகப் பண்ணைக்கு அழைத்துப் போவார்களாமே, பால் குடிக்கலாமா?"

பார்ப்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் இதற்கான பதிலைக் கண்டுபிடிக்க உலகின் பல நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் வரலாறே இம்மாதப் பாடம். கோவிட் வந்தபோது கொரோனா என்ற சொல் நம் குழந்தைகளுக்கும் பழகிவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தில் இன்னொரு கிருமி இருக்கிறது. அது நம்மவர் சென்று வரும் நாடுகளிலேயே வாழ்கிறது. அதன் பெயர் மெர்ஸ்.

ஒரு குடும்பம், பல கிருமிகள்

கொரோனா என்பது ஒரே கிருமியின் பெயர் அல்ல. அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். நுண்ணோக்கியில் பார்க்கும்போது இக்கிருமியைச் சுற்றிலும் முட்கள் போன்ற புடைப்புகள் ஒரு வளையமாகத் தெரிந்தன. அதனால் 1968-இல் ஆய்வாளர்கள் இதற்கு கொரோனா என்று பெயரிட்டார்கள். லத்தீன் மொழியில் அதற்குக் கிரீடம் என்று பொருள்.

அதற்கு முன்பே இக்குடும்பம் கால்நடைகளிடம் இருந்தது. கோழிகளுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும் கொரோனா கிருமி 1930-களிலேயே அறியப்பட்டது. கோழிப்பண்ணை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் குஞ்சுகளுக்குப் போடும் தடுப்பூசிகளில் அதற்கான ஊசியும் ஒன்று.

மனிதரைத் தாக்குபவை என நன்கு அறியப்பட்ட கொரோனா கிருமிகள் ஏழு. அவற்றில் நான்கு சாதாரணச் சளியைத் தருபவை. நாம் எல்லோரும் வாழ்நாளில் பலமுறை கடந்து வந்தவை. மற்ற மூன்றும் உயிரைப் பறிக்கக்கூடியவை: 2002-இல் தோன்றிய சார்ஸ், 2012-இல் கண்டறியப்பட்ட மெர்ஸ், 2019-இன் இறுதியில் தொடங்கிய கோவிட்.

சார்ஸ் கற்றுத்தந்த பாடம்

2002 நவம்பரில் தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் விசித்திரமான நிமோனியா பரவத் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் அங்கிருந்து ஹாங்காங் வந்த ஒரு மருத்துவர், தாமே நோயுற்றவராக ஒரு விடுதியில் தங்கினார். அதே விடுதியில் தங்கியிருந்த பயணிகள் வழியாக நோய் வியட்நாம், சிங்கப்பூர், கனடா வரை சென்றது. அந்த ஆண்டு கோடையில் அது அடங்கும்போது 8,096 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 774 பேர் இறந்திருந்தார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள், ஷென்ஜென் நகரில் உயிருள்ள விலங்குகளை விற்கும் சந்தைக்குச் சென்றார்கள். அங்கே கூண்டுகளில் இருந்த மரநாய்களிடம் ஏறக்குறைய அதே கிருமி கிடைத்தது. 2004 தொடக்கத்தில் அம்மாகாணத்தில் ஆயிரக்கணக்கான மரநாய்கள் கொல்லப்பட்டன.

ஆனால் தேடல் அத்துடன் நிற்கவில்லை. பண்ணைகளில் வளர்ந்த மரநாய்களைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் கிருமி இல்லை. அப்படியானால் மரநாயும் வேறெங்கிருந்தோ தொற்றுப் பெற்றதுதான். அது இடையில் நின்ற தரகர், மூல உரிமையாளர் அல்ல. 2005-இல் குதிரைலாட வௌவால்களிடம் சார்ஸின் நெருங்கிய உறவுக் கிருமிகள் கிடைத்தன. சார்ஸ் கிருமியின் மரபணுப் பகுதிகள் எல்லாம் யுன்னான் மாகாணத்தின் ஒரு குகையில் வாழும் வௌவால்களின் கிருமிகளில் பிரிந்து பிரிந்து இருப்பது 2017-இல் வெளியானது. ஒரு நோயின் வேரைக் கண்டுபிடிக்கப் பதினைந்து ஆண்டுகள்! இந்தப் பொறுமைதான் அறிவின் வழி.

ஜித்தாவில் ஒரு நோயாளி

2012 ஜூன் 13 அன்று, பீஷா பகுதியைச் சேர்ந்த 60 வயதுடைய ஒருவர் ஜித்தாவில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கடுமையான நிமோனியா, பின்னர் சிறுநீரகமும் செயலிழந்தது. பதினொரு நாட்களில் அவர் இறந்தார். அங்கே பணியாற்றிய எகிப்து நாட்டுக் கிருமியியல் அறிஞர் அலி முஹம்மத் ஸகீ, அவருடைய சளியைத் தமக்குத் தெரிந்த கிருமிகளுக்கெல்லாம் சோதித்துப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்துக்கு மாதிரியை அனுப்பினார். அது இதுவரை அறியப்படாத ஒரு கொரோனா கிருமி என்பது தெரிந்தது.

செப்டம்பரில் ஸகீ இந்தச் செய்தியை உலக மருத்துவர்களுக்கு வெளிப்படையாக அறிவித்தார். அதே நாட்களில் லண்டனில் கத்தரைச் சேர்ந்த ஒரு நோயாளி காரணம் தெரியாத நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். அறிவிப்பைக் கண்ட லண்டன் மருத்துவர்கள் சோதித்தார்கள். ஏறக்குறைய அதே கிருமி! பிறகு ஜோர்டானில், அவ்வாண்டு ஏப்ரலில் ஒரு மருத்துவமனையில் பரவிய மர்மக் காய்ச்சலின் போது எடுத்து வைத்திருந்த மாதிரிகளையும் சோதித்தபோது அங்கும் இதே கிருமி இருந்தது. 2013 மே மாதத்தில் இதற்கு மெர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மத்தியக் கிழக்கு மூச்சுநோய் என்பது அதன் விரிவு.

ஒட்டகத்தைச் சென்றடைந்த தேடல்

சார்ஸின் அனுபவத்தால் முதலில் வௌவால்களைத்தான் தேடினார்கள். பீஷா பகுதியில் பிடித்த ஒரே ஒரு வௌவாலில் இக்கிருமியினுடையதைப் போன்ற மிகச் சிறிய மரபணுத் துணுக்கு கிடைத்தது. ஆனால் நோயாளிகள் வௌவாலுடன் பழகியவர்கள் அல்லர். இடையில் வேறொரு பிராணி இருக்க வேண்டும்.

ஒரு பிராணிக்கு எப்போதாவது தொற்று வந்திருந்தால், அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தங்கியிருக்கும். கிருமி போய்விட்டாலும் அந்தத் தடயம் போகாது. எனவே ஆடு, மாடு, ஒட்டகம் எனப் பல கால்நடைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஆட்டிலும் மாட்டிலும் தடயம் இல்லை. ஓமானிலிருந்து வந்த 50 ஒட்டகங்களின் இரத்தத்தில் ஐம்பதிலும் இருந்தது. 2013-இல் வெளியான இந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது.

பிறகு கத்தரில் ஒரு பண்ணையில், நோயுற்ற மனிதருடன் தொடர்புடைய ஒட்டகங்களின் மூக்கிலேயே கிருமி கண்டறியப்பட்டது. ஜித்தாவில் 44 வயதுடைய ஒருவர், மூக்கொழுகிய தம் ஒட்டகத்துக்கு மூக்கில் மருந்து தடவிய சில நாட்களில் நோயுற்று இறந்தார். அவருடைய உடலில் இருந்ததும் அந்த ஒட்டகத்திடம் இருந்ததும் ஒரே கிருமி என்பது 2014-இல் வெளியான ஆய்வில் உறுதியானது.

பழைய இரத்த மாதிரிகள் இன்னொரு உண்மையைச் சொல்லின. 1983-இல் ஆப்பிரிக்காவின் சோமாலியா, சூடான் பகுதி ஒட்டகங்களிடம் எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த இரத்தத்திலும் இந்த எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது, உலகம் மெர்ஸை அறிவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அது ஒட்டகங்களிடையே சுற்றிக்கொண்டிருந்தது. ஒட்டகக் குட்டிகளுக்குச் சாதாரணச் சளி போல வந்து போகும். நம் குழந்தைகளுக்கு மூக்கொழுகுவது போலத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் காட்டு ஒட்டகங்கள் திரிகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை. அவற்றைச் சோதித்தபோது மெர்ஸின் தடயமே இல்லை. ஆகவே ஒட்டகமாகப் பிறந்ததனால் நோய் வருவதில்லை. கிருமி புகுந்த மந்தையில் இருப்பதனால்தான் வருகிறது.

எப்படிப் பரவுகிறது?

மெர்ஸ் கிருமி உடலுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். ஒட்டகத்துக்கு அந்த வாசல் மூக்கிலேயே இருக்கிறது. ஆகையால் அது தும்மினாலே கிருமி வெளியே வருகிறது. மனிதருக்கோ அந்த வாசல் நுரையீரலின் அடியாழத்தில் இருக்கிறது. எனவே மனிதரைப் பிடிப்பது அதற்கு எளிதல்ல. பிடித்துவிட்டால் நேரே நுரையீரலைத் தாக்குகிறது. அதனால்தான் மெர்ஸ் கோவிட் போல ஊரெல்லாம் பரவவில்லை. ஆனால் கண்டறியப்பட்ட நோயாளிகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இறந்திருக்கிறார். 2012 முதல் 27 நாடுகளில் 2,600-க்கும் மேற்பட்டோருக்கு இது உறுதி செய்யப்பட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோர் சவூதியில் இருந்தவர்கள்.

சவூதி மக்கள் 10,009 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. பொதுமக்களோடு ஒப்பிட்டால், ஒட்டகம் மேய்ப்பவர்களிடம் தொற்றின் தடயம் 15 மடங்கும், அறுப்புக்கூடத்தில் வேலை செய்பவர்களிடம் 23 மடங்கும் அதிகமாக இருந்தது. பாலைவனத்து மஸ்ராக்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளை நினைக்கும்போது இந்த எண்கள் வெறும் எண்களாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் எப்படி? 26 நோயாளிகளுடைய வீடுகளில் அவர்களுடன் இருந்த 280 பேரைச் சோதித்ததில், சுமார் 12 பேருக்கு மட்டுமே தொற்று வந்திருந்தது. ஆனால் மருத்துவமனைக்குள் கதை வேறு. 2013-இல் சவூதியின் அல்அஹ்ஸா பகுதியில் டயாலிசிஸ் பிரிவுகள் வழியாகவும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வழியாகவும் நோய் பரவியது. 2014-இல் ஜித்தாவில் பாதிக்கப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் ஏதோ ஒரு மருத்துவமனையுடன் தொடர்புடையவர்களே.

2015-இல் தென்கொரியாவில் நடந்தது இன்னும் பெரிய எச்சரிக்கை. வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பிய 68 வயது வணிகர் ஒருவர், காய்ச்சலுடன் ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கினார். நோய் இன்னதென்று மே 20-ஆம் தேதிதான் தெரிந்தது. அதற்குள் அது பலருக்குத் தொற்றிவிட்டது. அவரிடமிருந்து தொற்றுப் பெற்ற இன்னொருவர், ஒரு பெரிய மருத்துவமனையின் நெரிசலான அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, அந்த ஒருவரிடமிருந்து மட்டும் 80 பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். மொத்தம் 186 பேருக்குத் தொற்று, 38 மரணங்கள். ஒட்டக மந்தைகளே இல்லாத நாட்டில் இது நடந்தது. நோயாளியின் கட்டிலைச் சுற்றிக் குடும்பத்தார் கூடியிருப்பதும், நலம் விசாரிக்க உறவினர் வந்து போய்க்கொண்டிருப்பதும் அந்த நாட்டு வழக்கம். நம் வழக்கமும் அதுதானே!

ஆகவே ஆய்வுகள் சொல்வதைச் சுருக்கினால்: நெருப்புப் பொறி ஒட்டகத்திடமிருந்து வருகிறது, அதைப் பற்றியெரிய விடுவது நெரிசலான மருத்துவமனை வராந்தா.

மூலத்தைத் தேடுவதும் பழியைத் தேடுவதும்

2014-இல் சவூதி வேளாண் அமைச்சகம் ஒட்டகங்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னபோது, சில ஒட்டக உரிமையாளர்கள் சினங்கொண்டார்கள். தம் ஒட்டகங்களைக் கட்டியணைத்து முத்தமிடும் காட்சிகளைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். தலைமுறைகளாகத் தங்களுக்குச் சோறிட்ட பிராணியை நோயின் பெயரால் இழிவுபடுத்துவதாக அவர்கள் நினைத்தார்கள். அந்த மனவருத்தம் நமக்குப் புரிகிறது. ஆனால் முத்தமிட்டால் கிருமி விலகிப் போகாது.

பழி சுமத்தப்படுவதன் வலி நம் சமுதாயம் அறியாததல்ல. 2020-இல் கோவிட் பரவலுக்கு ஒரு கூட்டத்தாரையே குற்றவாளிகளாகக் காட்டினார்கள். பல ஊர்களில் தள்ளுவண்டி வியாபாரிகள்கூடப் பெயர் கேட்டு விரட்டப்பட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் நிகழ்ச்சிக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடாவாக ஆக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் சொன்னது. தீர்ப்பு வந்தது; அதற்குள் பட்ட அவமானம் பட்டதுதான்.

அந்த வலியை அறிந்த நாம், அதே தவற்றைப் பிறருக்குச் செய்யலாகாது. "சீனாக்காரன் கண்டதையும் தின்றான், உலகத்துக்கு நோய் வந்தது" என்று நம் திண்ணைகளிலும் பேசப்பட்டது. கோவிட் கிருமியின் மூலம் குறித்து உலக சுகாதார நிறுவனம் அமைத்த அறிவியல் குழு 2025-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இதுவரை கிடைத்த சான்றுகளின் எடை விலங்கிலிருந்து வந்திருக்கலாம் என்ற பக்கமே சாய்கிறது என்றும், தேவையான தரவுகள் முழுமையாகத் தரப்படாததால் வேறு வாய்ப்புகளைத் தள்ளிவிட முடியாது என்றும் அது கூறியது. அறிஞர்களே இவ்வளவு நிதானமாகப் பேசும் இடத்தில் நாம் அவசரப்படுவானேன்?

மூலத்தைத் தேடுபவர், "அடுத்த முறை எங்கே கவனமாக இருக்க வேண்டும்?" என்று கேட்கிறார். பழியைத் தேடுபவர், "யாரை வெறுக்கலாம்?" என்று கேட்கிறார். முதல் கேள்வி உயிரைக் காக்கும். இரண்டாவது கேள்வியால் யாருக்கும் காய்ச்சல் இறங்கியதில்லை.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போவதையும், அங்கிருந்து தப்பி ஓடுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது நாம் அறிந்ததே. ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு, தோழர்களுடன் ஆலோசித்து, சர்க் என்ற இடத்திலிருந்து திரும்பிவிட்டார்கள். எச்சரிக்கை தவக்குலுக்கு எதிரானது அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியவை

1. உம்ரா, ஹஜ் செல்வோர் ஒட்டகப் பண்ணைச் சுற்றுலாவைத் தவிர்ப்பது நல்லது. 2014-இல் உம்ரா சென்ற மலேசியர் ஒருவர், ஒட்டகப் பண்ணைக்குச் சென்று பால் அருந்திவிட்டு, ஊர் திரும்பிய பின் மெர்ஸ் நோயால் இறந்தார். முதியோர், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஒட்டகத்தின் அருகிலேயே செல்லக்கூடாது. மெர்ஸ் இவர்களைத்தான் அதிகம் கொல்கிறது.

2. கறந்த ஒட்டகப் பாலைப் பச்சையாகக் குடிக்க வேண்டாம். நன்கு காய்ச்சிய பால், கடையில் விற்கும் பாஸ்டுரைஸ் செய்த பால், நன்றாக வெந்த இறைச்சி ஆகியவற்றால் அச்சமில்லை. ஒட்டகத்தின் சிறுநீரைக் குடிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதை மருந்தென்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஐயமிருந்தால் ஆலிமிடமும் மருத்துவரிடமும் சேர்த்தே கேளுங்கள்.

3. வளைகுடாவில் ஒட்டகங்களுடன் வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்: மூக்கொழுகும் ஒட்டகத்தைக் கவனிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணியவேண்டும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், வேலை உடையை அங்கேயே மாற்றவேண்டும். காய்ச்சலோடு மூச்சுத்திணறலும் வந்தால், கஃபீல் என்ன சொல்வாரோ என்று தயங்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

4. பயணம் முடிந்து திரும்பிய 14 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு வந்தால், மருத்துவரிடம் முதல் வார்த்தையாகவே "வளைகுடாவிலிருந்து வந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். கொரியாவில் அந்த ஒரு செய்தி சரியான நேரத்தில் கிடைத்திருந்தால் எத்தனையோ உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

5. நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் மூச்சுநோயில் படுத்திருப்பவரைக் கூட்டமாகச் சென்று பார்க்க வேண்டாம். ஒருவர் சென்று வந்து மற்றவர்களுக்குச் செய்தி சொல்லலாம். தொலைபேசியில் பேசலாம். இருந்த இடத்திலிருந்தே துஆ செய்யலாம். வாசலில் பழப்பையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதும் அன்புதான்.

அச்சமும் வேண்டாம். இத்தனை இலட்சம் பேர் கூடும் ஹஜ்ஜில் மெர்ஸ் பெரிதாகப் பரவியதாக இதுவரை பதிவு இல்லை. மனிதருக்கான தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனால் ஒட்டகங்களுக்கும் மனிதருக்குமான தடுப்பூசி ஆய்வுகள் நடந்து வருகின்றன. அதுவரை நம் கையில் இருக்கும் மருந்து அறிவும் கவனமும்தான்.

வீட்டில் கலந்து பேச

இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுடன் படித்துவிட்டு இம்மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மரநாய்களைக் கொன்றதோடு சார்ஸ் ஆய்வாளர்கள் ஏன் தேடலை நிறுத்தவில்லை? ஆஸ்திரேலிய ஒட்டகங்களுக்கு மெர்ஸ் இல்லாததிலிருந்து என்ன தெரிகிறது? நம் வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருந்தால், யார் போய்ப் பார்ப்பது, மற்றவர்கள் என்ன செய்வது?

மூன்றாவது கேள்விக்கான பதிலை ஒரு தாளில் எழுதி, நெருங்கிய உறவினர்களின் தொலைபேசி எண்களோடு சுவரில் ஒட்டி வையுங்கள். தேவை வரும் நாளில் யோசிக்க நேரம் இருக்காது.

வல்ல அல்லாஹ் நம் பயணிகளையும், வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகளையும், அவர்களைப் பிரிந்து காத்திருக்கும் குடும்பங்களையும் நோய்நொடியின்றிக் காப்பானாக. ஆமீன்.